சின்னம்மை லீவு முடிஞ்சு வர்ற பிள்ளைங்க: ஆசிரியர், பெற்றோர் குழு

குழு அட்மின் (6:10): இப்ப வந்த ஒரு மெசேஜை எல்லாருக்குமே நீக்கிட்டேன். அம்மை போட்ட பிள்ளைங்க பேரு, செக்‌ஷன் எல்லாம் அதுல இருந்துச்சு. போட்டவங்ககிட்ட தனியா பேசியாச்சு. பேரு, போட்டோ, வீட்டு அடையாளம் எதுவும் இங்க வேண்டாம்.

7-பி பெற்றோர் (6:14): தப்பா நினைக்காதீங்க. யாருக்குன்னு தெரிஞ்சாதானே நம்ம பிள்ளையை ஜாக்கிரதையா வச்சுக்க முடியும்?

நர்ஸ் அக்கா (6:21): கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா பேரு தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. கொப்புளம் கண்ணுக்குத் தெரியறதுக்கு 1–2 நாள் முன்னாடியே சின்னம்மை பரவ ஆரம்பிச்சிடும். காத்து வழியாவும் பரவும், கொப்புளத் தண்ணி பட்டாலும் பரவும். பேரு வெளிய வர்றப்போ மொத்த வகுப்பும் ஏற்கெனவே பக்கத்துல உக்காந்து எழுந்தாச்சு. உங்களுக்கு வேண்டியது தேதிதான். கலந்திருந்த நாள்ல இருந்து 10-வது நாள் முதல் 21-வது நாள் வரைக்கும் காய்ச்சல், கொப்புளம் இருக்கான்னு பாருங்க. தடுப்பூசி 2 டோஸும் போட்டிருக்கான்னு கார்டை எடுத்துப் பாருங்க. வீட்டுல இதுவரைக்கும் அம்மை வராத கர்ப்பிணி, பச்சைக்குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க இருந்தா டாக்டர்கிட்ட இன்னைக்கே கேளுங்க.

ஆலோசகர் மேடம் (6:25): இன்னொண்ணும் இருக்கு. ஒரு பிள்ளையோட பேரு சுத்துறதை மத்த பிள்ளைங்க பாத்துக்கிட்டே இருக்காங்க. அடுத்து கொப்புளம் வர்ற பிள்ளை முழுக்கைச் சட்டையில மறைச்சுக்கிட்டு வரும். இல்லன்னா வீட்டுலயே காய்ச்சல் மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க. அவமானத்துக்குப் பயந்து மறைக்க மறைக்க, பரவல்தான் நீளும்.

7-பி பெற்றோர் (6:27): புரியுது மேடம். ஆனா திரும்பி வர்ற பிள்ளைங்க முகத்துல இன்னும் தழும்பு இருக்குமே? அது ஒட்டாதா?

நர்ஸ் அக்கா (6:31): ஒட்டாது. எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டி, புதுசா எதுவும் வரலைன்னா பரவாது. வழக்கமா அதுக்கு 4–7 நாள் ஆகும். அப்புறம் இருக்கிற கறுப்புப் புள்ளி வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல தெரியும். அது வெறும் தழும்பு. நோய் போயிடும், அடையாளம் நிக்கும். கேலி பிடிச்சுக்கறது அந்த அடையாளத்தைத்தான்.

வகுப்பு டீச்சர் (6:34): திங்கட்கிழமை சில பிள்ளைங்க வர்றாங்க. வகுப்பே கைதட்டி வரவேற்கலாமா மேடம்?

ஆலோசகர் மேடம் (6:42): மனசு நல்லதுதான் டீச்சர், ஆனா வேண்டாம். நாப்பது ஜோடிக் கண்ணும் ஒரே முகத்தைப் பாக்கும், அந்த முகத்துலதான் புள்ளி இருக்கு. சாதாரண நாள் மாதிரி உள்ள வரட்டும். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமையே வீட்டுக்குப் போன் பண்ணுங்க. அம்மா அப்பாகிட்ட மட்டும் பேசாம பிள்ளைகிட்டயும் பேசுங்க. மூணு விஷயம் கேளுங்க: யாரோட சேந்து உள்ள வர ஆசை, வகுப்புல என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது.

ஆலோசகர் மேடம் (6:47): உக்கார்ற இடம் மாறவே கூடாது. கடைசி பெஞ்ச், தனி பெஞ்ச் எதுவும் வேண்டாம். இடைவெளி விடணும்னு உத்தரவு வந்தா எல்லா பெஞ்சையும் நகத்துங்க. உடல்நலச் சான்றை வகுப்பு வாசல்ல நின்னு கேக்காதீங்க, ஆபீஸ்ல வாங்கட்டும். வருகைப் பதிவு எடுக்கும்போது லீவு காரணத்தைச் சத்தமா கேக்காதீங்க.

கணக்கு சார் (6:50): நோட்டுதான் சிக்கல் மேடம். அந்தப் பிள்ளை தொட்ட நோட்டைப் பக்கத்துப் பிள்ளை கையில வாங்காது.

ஆலோசகர் மேடம் (6:56): சார், அந்த நோட்டை நீங்களே முதல்ல கையில வாங்குங்க. சாதாரணமா, பேச்சை நிறுத்தாம. அந்த பெஞ்ச் பக்கத்துல நின்னு பாடம் நடத்துங்க. நீங்க எவ்வளவு தூரத்துல நிக்கறீங்கன்னு பிள்ளைங்க அளந்துக்கிட்டேதான் இருப்பாங்க. அப்புறம் ‘உங்க டீமை நீங்களே பிரிச்சுக்கங்க’ங்கறதை முதல் ரெண்டு வாரம் விட்டுடுங்க. யாரும் சேத்துக்காம ஒரு பிள்ளை மட்டும் நிக்கறது அப்பதான் நடக்கும். ஜோடியை நீங்களே சொல்லிடுங்க. விளையாட்டு பீரியட்லயும் அப்படியே.

அறிவியல் சார் (7:03): அம்மை பத்தி வகுப்புல 20 நிமிஷம் பேசலாம்னு இருக்கேன். அவங்க வந்தப்புறமா, முன்னாடியா?

ஆலோசகர் மேடம் (7:09): முன்னாடியே, வெள்ளிக்கிழமை. அவங்க உக்காந்திருக்கும்போது பேசினா அவங்களையே பாடமாக்கின மாதிரி ஆயிடும். ஆரம்பத்துலயே எல்லாருக்கும் ஒரு துண்டுச்சீட்டு குடுங்க. பேரு எழுதாம கேள்வி எழுதி டப்பாவுல போடட்டும். கேள்வி இல்லாதவங்க ‘கேள்வி இல்ல’ன்னு எழுதட்டும், அப்பதான் யாரு எழுதறாங்கன்னு தெரியாது. பதில் சொல்லும்போது வதந்தியைத் திருப்பிச் சொல்லி ‘அது பொய்’னு ஆரம்பிக்காதீங்க. பிள்ளைங்க மனசுல வதந்திதான் நிக்கும். எப்படிப் பரவும், எப்ப நிக்கும், எது பரப்பாதுன்னு உண்மையை நேரா சொல்லுங்க.

அறிவியல் சார் (7:15): பெரிய வகுப்புக்கு 1918-ல உலகம் முழுக்கப் பரவின ஃப்ளூவைச் சொல்லலாம். அதுக்கு ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ன்னு பேரு வந்துச்சு. அது ஸ்பெயின்ல ஆரம்பிச்சதுங்கறதுக்கு ஆதாரம் இல்ல. முதல் உலகப் போர்ல சேராத நாடுங்கறதால அங்க பத்திரிகைங்க நோயைப் பத்தி வெளிப்படையா எழுதுச்சு. போர்ல இருந்த நாடுங்க தணிக்கை போட்டு வச்சிருந்துச்சு. உண்மையைச் சொன்ன நாட்டு மேல பழி விழுந்துச்சு. இந்த மாதிரி பழி வரக்கூடாதுன்னுதான் புது நோய்ங்களுக்கு ஊரு, மக்கள், விலங்கு பேரு வைக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல வழிகாட்டுதல் குடுத்துச்சு.

ஆலோசகர் மேடம் (7:17): கண்டிப்பா சொல்லுங்க சார். வகுப்புல இருக்கிற யாரையும் சுட்டாம பழியைப் பத்திப் பேச இது நல்ல வழி.

6-ஏ பெற்றோர் (7:22): என் பிள்ளையை யாராவது ‘கிட்ட வராதே’ன்னு சொன்னா என்ன பதில் சொல்லச் சொல்லட்டும்?

ஆலோசகர் மேடம் (7:30): நீளமா விளக்கம் குடுக்க வேண்டியதே இல்ல. ‘எனக்குச் சரியாயிடுச்சு. டாக்டர் வரச் சொல்லிட்டார்.’ அவ்வளவுதான். சொல்லிட்டு நின்னு வாதாடாம, தெரிஞ்ச பிள்ளை பக்கத்துல போயிடணும். வீட்டுல நீங்க கேலி பண்ற பிள்ளையா நடிங்க, உங்க பிள்ளை நாலஞ்சு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மனசுக்குள்ள ஒத்திகை பாத்தது அந்த நேரத்துல வாய்க்கு வராது. ‘கண்டுக்காதே, விடு’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டுல சொல்லியும் பலனில்லன்னு அடுத்த தடவை சொல்லாமலே விட்டுடும்.

வகுப்பு டீச்சர் (7:33): கேலி பண்ற பிள்ளையை என்ன பண்றது? எல்லார் முன்னாடியும் கண்டிச்சாதானே மத்தவங்களுக்கும் உறைக்கும்?

ஆலோசகர் மேடம் (7:39): அந்தச் சொல்லை அங்கயே ஒரு வரியில நிறுத்துங்க: ‘இந்த வகுப்புல அப்படிப் பேசறதில்ல.’ மிச்சத்தைத் தனியா. எல்லார் முன்னாடியும் தண்டிச்சா ‘உன்னாலதான் அடி வாங்கினேன்’னு இடைவேளையில அந்தப் பிள்ளைகிட்டயே திரும்பும். தனியாக் கூப்பிட்டு ‘என்ன ஆயிடும்னு பயப்படறே?’ன்னு கேளுங்க. முக்கால்வாசி நேரம் வீட்டுல கேட்ட பேச்சுதான் வெளிய வரும். அப்ப வீட்டுக்கும் ஒரு போன் போகணும்.

கணக்கு சார் (7:42): பெரிய பசங்க போட்டோவுல புள்ளி வச்சு ஸ்டிக்கர் பண்றாங்களே?

குழு அட்மின் (7:45): பதில் போடாம முதல்ல ஸ்கிரீன்ஷாட், தேதியும் நேரமும் தெரியற மாதிரி. அதை யாருக்கும் ஃபார்வேர்ட் பண்ணாம வகுப்பு டீச்சருக்கு மட்டும் அனுப்புங்க. ‘பாருங்க எவ்வளவு அநியாயம்’னு பத்துப் பேருக்கு அனுப்பினா நாமளே அதைப் பரப்பின மாதிரி.

6-ஏ பெற்றோர் (7:48): வீட்டுல நாங்க எதைக் கவனிக்கணும்?

ஆலோசகர் மேடம் (7:55): பள்ளி நாள்ல மட்டும் காலையில வயித்துவலி. சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வர்றது. கண்ணாடி பாக்க மறுக்கறது, தூக்கம் கெடறது, நின்னுபோன படுக்கை ஈரம் திரும்ப வர்றது. ரெண்டு வாரம் தாண்டினா என்கிட்ட வாங்க. ‘இருந்து என்ன’, ‘செத்துப் போலாம்’னு ஒரு தடவை சொன்னாலும் காத்திருக்காதீங்க. பிள்ளையைத் தனியா விடாம அன்னைக்கே மருத்துவ உதவிக்குப் போங்க, எனக்கும் உடனே போன் பண்ணுங்க.

நர்ஸ் அக்கா (8:01): ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்க பிள்ளைங்களையும், அம்மை வந்த பிள்ளையோட அண்ணன் தங்கச்சியையும் இந்தக் கவனிப்புல சேத்துக்கங்க. நோயே வராத அவங்களையும் ஒதுக்குவாங்க, யாரு கணக்குலயும் அவங்க வர மாட்டாங்க. பள்ளியில யாருக்காவது காய்ச்சல் தெரிஞ்சா வராந்தாவுல நிக்க வைக்காதீங்க. ‘ஆபீஸ்ல கூப்பிடறாங்க’ன்னு மட்டும் சொல்லி மருத்துவ அறைக்கு அனுப்புங்க. பையைப் பெரியவங்க யாராவது எடுத்துட்டு வரட்டும், வீட்டு ஆளு வர்ற வரைக்கும் ஒருத்தர் கூடவே இருக்கட்டும்.

7-பி பெற்றோர் (8:04): சுற்றறிக்கை வாசகம் இங்கயே போட்டா எல்லா வகுப்புக் குழுவுலயும் ஒரே மாதிரி போகும்.

ஆலோசகர் மேடம் (8:12): இதை அப்படியே எடுத்துக்கங்க: ‘பள்ளியில் சிலருக்குச் சின்னம்மை வந்துள்ளது. (தேதி) முதல் (தேதி) வரை உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலோ கொப்புளமோ வருகிறதா எனப் பாருங்கள். வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்குத் தெரிவியுங்கள். விடுபட்ட பாடங்களை அனுப்புவோம். கொப்புளங்கள் முழுதும் காய்ந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகளிடமிருந்து நோய் பரவாது, தழும்பும் பரவாது. யார் பெயரையும் கேட்கவோ பகிரவோ வேண்டாம்.’

குழு அட்மின் (8:14): பின் பண்ணிட்டேன். தேதியை நர்ஸ் அக்கா சொன்னதும் நிரப்பிடறேன்.