யாவேயும் சாவியும் சொந்தமா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
மிண்ட் பக்கம் மாமா டூப்ளிகேட் சாவி போடும் கடை வைத்திருக்கிறார், சாயங்காலம் நானும் போய் உட்காருவேன். போன வாரம் ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரர் வந்து, கையைத் திருகித் திருகிக் காட்டி "யாவே, யாவே" என்றார். ஊர் பெருவாம். மாமா ஒரு கொத்து சாவியை எடுத்துக் காட்டினார், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஸ்பானிஷில் யாவே என்றால் சாவிதானாம். ஒலி இவ்வளவு கிட்ட வருகிறதே, தற்செயலா?

பழஞ்சொல்:
சொந்தம்தான், பங்காளி முறை. இரண்டுக்கும் தாத்தா லத்தீன் 'கிளாவிஸ்'. லத்தீனில் கிள, பிள, ஃபிள என்று தொடங்கிய பல சொற்கள் ஸ்பானிஷில் ய ஆயின, போர்ச்சுகீசில் ச ஆயின. மழைக்கு 'புளூவியா', அது ஒரு பக்கம் யூவியா, இன்னொரு பக்கம் சூவா. கூப்பிடுவதற்கு 'கிளாமாரே', அது யாமார், சமார். அதே கணக்கில் கிளாவிஸ் ஸ்பானிஷில் யாவே, போர்ச்சுகீசில் சாவே. நமக்கு வந்தது போர்ச்சுகீசு சாவே. ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அவர்களோடு வந்தவைதான். 17ஆம் நூற்றாண்டில் இங்கே ஆங்கிலேயர் கோட்டை கட்டிய பிறகும் வியாபாரப் பேச்சில் போர்ச்சுகீசு நன்றாகவே ஓடியது.

தண்டையார்பேட்டை தம்பி:
ஹிந்தி 'சாபி'யிலிருந்து வந்தது என்றல்லவா எங்கள் தமிழ் சார் சொன்னார்?

பழஞ்சொல்:
அந்த சாபியும் போர்ச்சுகீசுதான் தம்பி.

பொன்னேரி மருமகள்:
எங்கள் மாமியார் "பயிர் சாவியாப் போச்சு" என்பார். அதையும் கப்பலில் ஏற்றிவிடாதீர்கள்!

பழஞ்சொல்:
ஏற்ற மாட்டேன் அக்கா, அது வேறு சாவி, மணி பிடிக்காமல் காய்ந்துபோன பயிர், நம் ஊர்ச் சொல், சாவு என்பதன் பக்கம் சேர்ந்தது. கிளாவிஸ் குடும்பமே பெரிது. 2025இல் போப்பைத் தேர்ந்தெடுக்க கார்டினல்கள் கூடினார்களே, அந்த 'கான்கிளேவ்' சாவி போட்டுப் பூட்டும் அறை. ஸ்பானிஷ்காரர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து இன்னொரு தடவையும் அதே சொல்லை எடுத்து 'கிளாவே' ஆக்கினார்கள், இன்றைக்கு பாஸ்வேர்டுக்கு அதையும் சொல்கிறார்கள். அப்புறம் ஒன்று, யாவே என்றால் ஸ்பேனரும்தான். அவர் சாவிதான் கேட்டாரா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
அடக் கடவுளே. எதிரே சைக்கிள் கடை திறந்துதான் இருந்தது.