கார் எடுக்கிறதா விடுறதா? வாசிகசாலையில தொடங்கின சண்டை, உங்கட கருத்தைச் சொல்லுங்கோ

முத்தையன்கட்டுப் பிள்ளை:

வணக்கம் எல்லாருக்கும். போன ஞாயிறு எங்கட வாசிகசாலையில ஒரு கூட்டம், காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கதைக்க வெளியில இருந்து ஒருத்தர் வந்தவர். மழை ஏன் இப்பிடி ஒரேயடியாக் கொட்டுது, ஒரு வருசம் குளம் உடைக்கப் பாக்குது மற்ற வருசம் அடி தெரியுது, அது ஏன் எண்டெல்லாம் நல்லாத்தான் விளங்கப்படுத்தினார். கடைசியா, எல்லாரும் சொந்த வாகனத்தைக் குறைச்சுப்போட்டு பஸ்ஸில போங்கோ எண்டு ஒரு வசனம் சொன்னார் பாருங்கோ, அதோட கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சிட்டுது. எங்கட மாமா எழும்பி, வெள்ளைக்காரன் நூறு வருசமா எண்ணெயும் நிலக்கரியும் எரிச்சதுக்கு என்ர பிள்ளை ஏன் வெயிலுக்க நிக்கோணும் எண்டு கேட்டார். ஏஎல் படிக்கிற பிள்ளையள் ரெண்டு பேர் எதிர்த்துக் கதைக்க, பெரியாக்களுக்குக் கோவம் வந்து, அந்த ரெண்டு வீட்டுக்காரரும் மாமாவும் இன்னும் முகம் பாத்துக் கதைக்கேல்லை.

எனக்கு இது சும்மா விவாதம் இல்லை. 2025 மாசியில வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததில இருந்து பிரான்ஸில இருக்கிற அண்ணா, சின்னக் கார் ஒண்டு எடுப்பம், அம்மாவுக்குக் கிளினிக் போக வசதி எண்டு நிக்கிறார். மாதம் ஒருக்கா நான்தான் அம்மாவைக் கொண்டு போறது, விடிய 5 மணிக்கு றோட்டுக்கு வந்து நிக்கோணும். போன முறை திரும்பி வரேக்க பின்னேர பஸ் நிப்பாட்டாமலே போட்டுது, அடுத்தது இல்லை, அம்மா மதகில இருந்து அழுதவ. நான் காலநிலை மாற்றம் பொய் எண்டு சொல்லுற ஆள் இல்லை, ஆனா அண்டைக்கு அந்த மதகடியில நிக்கேக்க ஒரு கார் இருந்தா எண்டுதான் நினைச்சன். கார் எடுத்தா நான் பிழை செய்யிறனா? உண்மையா நினைக்கிறதைச் சொல்லுங்கோ.

வவுனியா வடக்கான்:

பிள்ளை, காரை எடு, அம்மாவை ஏத்து. இதில யோசிக்க என்ன இருக்கு.

நான் 64 புயலைக் கண்டவன். மார்கழி 22 இரவு வவுனியாவுக்கு மேலால போய் அங்கால தனுஷ்கோடியை அழிச்ச அதே புயல். அப்ப நான் சின்னப் பெடியன், கூரை போய் நெல்லுச் சாக்குக்குள்ள ஒளிச்சிருந்தது இப்பவும் ஞாபகம். அண்டைக்கு வன்னியில எத்தினை கார் ஓடினது சொல்லுங்கோ பாப்பம், கை விரலுக்குள்ள எண்ணலாம். பிறகு பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின சனம் நாங்கள், சூப்பிப் போத்தலில நாலு துளி பெற்றோல் வைச்சிருந்து ஸ்ராட் பண்ண மட்டும் விடுறது, அதுவும் இல்லாதவன் சைக்கிளில நோயாளியை வைச்சு உழக்கினவன். அவ்வளவு குறைய எரிச்ச சனத்திட்ட வந்து இன்னும் குறை எண்டு சொல்ல ஆருக்கும் உரிமை இல்லை. எனக்கு அதுதான் கோவம்.

இரணைமடுக் கமம்:

ஐயா சொன்னதில பாதி நூற்றுக்கு நூறு சரி. எண்ணெய் நிலக்கரி எரிக்க வந்து உலகத்தைச் சூடாக்கிற காபனீரொட்சைட்டு, இலங்கையில ஆளுக்கு வருசம் ஏறக்குறைய ஒரு தொன்தான், உலகச் சராசரி நாலு அஞ்சு தொன் வரும், அமெரிக்காவில பதினாலு பதினைஞ்சு. வன்னியைத் தனியா எடுத்தா எங்கட கணக்கு இன்னும் குறைவாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்.

ஆனா 64 கதையை நான் ஏற்கமாட்டன் ஐயா. முந்திப் புயல் வரேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, வந்ததுதான், இனியும் வரும். வித்தியாசம் எங்கையெண்டா, காத்து ஒரு பாகை சூடானா அது சுமக்கிற ஈரம் நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். உலகம் ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல சூடாகிட்டுது, கடலும் அப்பிடித்தான். அப்ப அதே புயல் வந்தாலும் அது கொண்டு வந்து கொட்டுற தண்ணி கூட. 2018 மார்கழியில இரணைமடுக் குளத்து வான்கதவு எல்லாம் திறந்து கிளிநொச்சி தாண்ட நாங்கள் பட்டது தெரியும்தானே, அணைக்கட்டை உயர்த்தித் திறப்பு விழா வைச்சு மாதம் முடியேல்லை. பிறகு 2025 கார்த்திகையில டித்வா புயல். என்ர காலபோக நெல்லு, குடலைப் பருவம் எண்டு கதிர் உள்ளுக்க கட்டுற நேரம் வரமுதலே தண்ணிக்குக் கீழ அழுகினது, பசளைக்கு வாங்கின கடன் இன்னும் இருக்கு. நான் எரிக்கேல்லை ஐயா, ஆனா வெள்ளம் என்ர வயலுக்கத்தானே நிண்டது. அதாலதான் சொல்லுறன், இது வெள்ளைக்காரன்ர பிரச்சினை எண்டு விட ஏலாது.

பிள்ளைக்கு மறுமொழி: ஒரு கார் எடுக்கிறதால உலகம் அழியாது. ஆனா ஊரில எல்லாரும் அதே முடிவை எடுத்தா பஸ் எண்டு ஒண்டே இருக்காது, அதைத்தான் நான் யோசிக்கிறன்.

பழைய கொண்டக்டர்:

பதினெட்டு வருசம் பஸ்ஸில நிண்டவன் எண்ட முறையில கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. கணக்கைப் பாருங்கோ. ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா 2.3 கிலோ காபனீரொட்சைட்டு, டீசல் எண்டா 2.7 அளவில. 50 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு சின்னக் கார் நாலு லீற்றருக்கு மேல குடிக்கும், பத்துக் கிலோவுக்கு கிட்ட வந்திட்டுது. பஸ் லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் எண்டு வையுங்கோ, அதே தூரத்துக்கு 33 கிலோ. 50 பேர் இருந்தா ஆளுக்கு முக்கால் கிலோவும் இல்லை. நாலே நாலு பேர் இருந்தா ஆளுக்கு எட்டுக் கிலோ, அப்ப காருக்கும் பஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம்? இன்னொண்டு, மோட்டச்சைக்கிள் அதே தூரத்துக்கு ஒரு லீற்றர்தான், ரெண்டு பேர் போனா ஆளுக்கு ஒரு கிலோ சொச்சம். அதால மோட்டச்சைக்கிள்காரனைத் திட்டுறதை விடுங்கோ, இந்த நாட்டில பதிஞ்ச வாகனத்தில பாதிக்கு மேல அதுதான், ஏழைச் சனத்தின்ர வாகனம்.

இனி பஸ் ஏன் நிக்கிறேல்லை எண்டது. கன பஸ்ஸில ட்ரைவருக்கும் கொண்டக்டருக்கும் அண்டைய கலெக்சனிலதான் சம்பளம். பின்னேரம் 6 மணி ஓட்டத்தில பத்துப் பேர் இல்லாட்டி டீசல் காசே வராது, முதலாளி ஓடாத எண்டிடுவார். ரெண்டு கிழமை ஓடாம விட்டா சனம் லீசிங்கில மோட்டச்சைக்கிள் எடுக்கும். பிறகு ஓடினாலும் ஆள் வராது. இது என்ர கண்ணுக்கு முன்னால நடந்தது, ஒரு ஓட்டம் செத்தது எப்பிடியெண்டு நான் திகதி சொல்லுவன். அந்தக் கடைசி ஓட்டத்துக்கு நட்டத்தை ஆரோ தாங்கோணும், அரசாங்கம்தான் தாங்கோணும், பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் லாபம் பாத்தா நடத்தினம்?

கோச்சியும் அப்பிடித்தான். 2013 புரட்டாதியில கிளிநொச்சிக்கு வந்து அடுத்த வருசம் ஐப்பசியில யாழ்ப்பாணம் போனது, நாங்கள் எல்லாரும் தண்டவாளத்தடியில நிண்டு கை காட்டினனாங்கள். ஆனா முல்லைத்தீவு மாவட்டத்தை மாங்குளம் பக்கத்தால உரசிக்கொண்டு போறதோட சரி. மாங்குளத்தில இறங்கினவன் ஒட்டுசுட்டானுக்கோ முல்லைத்தீவுக்கோ போக, கோச்சி வாற நேரத்துக்கு ஸ்ரேசன் வாசலில ஒரு பஸ் நிக்கோணும். புது றோட்டும் வேண்டாம் புதுத் தண்டவாளமும் வேண்டாம், நேரத்தைப் பொருத்தினாக் காணும்.

காட்டுப்பாதை:

அண்ணை கணக்கு நல்லாத்தான் இருக்கு ஆனா பொம்பிளைப் பிள்ளையளின்ர கணக்கையும் போடுங்கோ. நான் வேலை முடிஞ்சு சந்தியில இறங்கினா வீட்டுக்கு 3 கிலோமீற்றர், ரெண்டு பக்கமும் காடு, மாரியில ஆறரைக்கே இருட்டு, யானை. போன வருசம் வேலியை முறிச்சு தென்னம்பிள்ளை எல்லாம் திண்டிட்டுப் போனது. பஸ்ஸுக்குள்ள நெருக்கிக்கொண்டு நிக்கிறவங்களின்ர கையைத் தட்டித் தட்டி வாறது வேற. அதாலதான் ஸ்கூட்டி எடுத்தனான், லீசிங் கட்டிக்கொண்டிருக்கிறன். என்னட்ட வந்து சுற்றுச்சூழல் எண்டு ஆரும் கதைச்சா எனக்கு அழுகைதான் வரும், அந்தச் சந்திக்கு முதல் ஒரு லைற் போடுங்கோ.

2022ல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் பங்கீடு வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த நேரம் நான் திரும்ப பஸ்ஸுக்குப் போனனான். அப்ப பஸ் நிரம்பி வழிஞ்சது, இடமில்லாம விட்டிட்டுப் போனவை. சனம் வந்தாலும் பஸ் காணாது எண்டு அப்ப விளங்கினது.

ரொறன்ரோ வன்னியன்:

புதுக்குடியிருப்புத்தான் என்ர ஊர், இப்ப கனடா. இங்கயும் இதே சண்டைதான், ஆக்கள்தான் வேற. 2017 கார்த்திகையில ரொறன்ரோ நகருக்க கிங் வீதியில கார் நேராப் போறதைத் தடுத்து, தண்டவாளத்தில ஓடுற ட்ராமுக்கு வழி விட்டவை. கடைக்காரர் யாவாரம் படுத்திட்டுது எண்டு பெரிய எதிர்ப்பு, பேப்பர் ரீவி எல்லாம் அதுதான் கதை. ஆனா ட்ராம் வேகமா, சொன்ன நேரத்துக்கு வரத் தொடங்க ஏறுற ஆக்கள் கூடிட்டினம், 2019ல நிரந்தரமாக்கிப்போட்டினம். சனத்தைக் காரை விடு எண்டு கெஞ்சி ஒண்டும் நடக்கேல்லை, ட்ராம் நேரத்துக்கு வந்ததாலதான் ஏறினவை.

வவுனியா வடக்கு ஐயா, உங்கட கோவம் நியாயம். நான் இங்க ஒரு ஆள் உங்கட ஊரில பத்துப் பேருக்கு மேல எரிக்கிறன், குறைக்க வேண்டியது முதல் நாங்கள்தான். அதோட, காருக்கு அனுப்புற காசில ஒரு பங்கை ஊர் பஸ்ஸுக்கு அனுப்ப வெளிநாட்டில இருக்கிற நாங்கள் ஏன் யோசிக்கிறேல்லை எண்டும் கேக்கிறன். கோயிலுக்குக் கோபுரம் கட்ட ஒரு மாதத்தில சேர்க்கிறம்.

முத்தையன்கட்டுப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. காட்டுப்பாதை அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான், அவ கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

அண்ணாவோட நேற்று கதைச்சன். வரியோட பாத்தா கார் விலை தலை சுத்துது. மாதம் ஒருக்காப் போறதுக்கு அது வேண்டாம், இப்போதைக்கு கிளினிக் நாளில ஊரில இருந்து அதே கிளினிக்குக்குப் போற இன்னும் நாலு பேரைச் சேர்த்து வான் ஒண்டு பேசுவம் எண்டு முடிவு. பிறகு அம்மாவுக்கு ஏலாமப் போனா கார் எடுப்பன், அதை ஒளிக்கேல்லை.

ஆனா அந்தப் பின்னேர பஸ்ஸை நான் விடப்போறேல்லை. கொண்டக்டர் அண்ணை, கடிதம் ஆருக்கு எழுதிறது?

பழைய கொண்டக்டர்:

வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு, பிரதி பிரதேச சபைக்கும் மாவட்டச் செயலகத்துக்கும். சும்மா பஸ் வேணும் எண்டு எழுதினா ஃபைலுக்குள்ள போட்டு மூடிடுவினம். ரெண்டு கிழமை சந்தியில நிண்டு பின்னேரம் 5இல இருந்து 7 வரைக்கும் எத்தினை பேர் எந்தப் பக்கம் போக நிக்கினம் எண்டு கொப்பியில எழுதி அதையும் சேருங்கோ. லைற்றையும் அதே கடிதத்தில போடுங்கோ. அந்த ஏஎல் பிள்ளையளை எண்ண விடுங்கோ.

வவுனியா வடக்கான்:

புயல் கதையில நான் சொன்னது சொன்னதுதான். கடிதம் எழுதினாச் சொல்லு பிள்ளை, கையெழுத்து வைக்கிறன். மாமாவையும் கேள்.