பிக்கிள்பால் கோர்ட்டில் இன்னும் உறுத்தும் ஒரு பாயிண்ட்: உங்கள் அனுபவம் என்ன?

பிளேனோக்காரன்

சனிக்கிழமை காலை ஓப்பன் ப்ளே, வந்தவர்கள் சேர்ந்து பிக்கிள்பால் ஆடும் நேரம் (மட்டையும் ஓட்டைப் பிளாஸ்டிக் பந்துமாக, வலைக்கு இருபுறமும் நின்று ஆடுவது). டெக்சஸ் காற்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், லாப் போட்டால், அதாவது பந்தை உயரத் தூக்கி அடித்தால், பக்கத்துக் கோர்ட்டில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாள். 10-9-2, அதாவது எங்களுக்கு 10, அவர்களுக்கு 9, சர்வ் எங்களுடையது, எங்களில் இரண்டாவது ஆள் போடுகிறார். எதிரே ஒரு அங்கிள், எழுபதை ஒட்டிய வயது, மதுரைக்காரர், மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆட்டம் முழுக்க, வலையை ஒட்டிய கிச்சன் பகுதியின் கோட்டில் நின்றபடியே எங்கள் இருவரையும் அலைய விட்டுக்கொண்டிருந்தார்.

என் பார்ட்னர் வலைக்கு மேலே மெதுவாகத் தட்டிப் போட்ட டிங்க் கொஞ்சம் தூக்கிவிட்டது. அங்கிள் எம்பி அடித்தார். பந்து எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து பின்வேலியில் மோதியது. பக்கத்துக் கோர்ட்டில்கூட யாரோ கைதட்டினார்கள். அவர் கால்கள் இரண்டும் கோட்டுக்குப் பின்னால்தான் இறங்கின. ஆனால் தலையிலிருந்த தொப்பி கழன்று, முன்னால் பறந்து, கிச்சனுக்குள் விழுந்தது.

ஃபால்ட் (விதிமீறல்) சொன்னேன். விதி உங்கள் எல்லோருக்கும் தெரியும்: வாலி, அதாவது பந்து தரையில் படும் முன், அடிக்கும்போது நம் மேல் இருந்த எது கிச்சனைத் தொட்டாலும் ஃபால்ட். பந்து செத்த பிறகு தொட்டாலும் ஃபால்ட்தான். 11-9, ஆட்டம் எங்களுக்கு.

அவர் தொப்பியை எடுக்கக் குனியவில்லை. என்னைப் பார்த்து, "தொப்பிக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் வலையருகே வந்து முறையாகப் பேடிலை (மட்டையை) என் பேடிலோடு தட்டிவிட்டுத்தான் போனார். நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்வி காதை விட்டுப் போகவில்லை. என் பார்ட்னர் கார் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும், எழுதுங்கள்.

ஈரக்கோர்ட்

விதியைச் சரியாகச் சொன்னீர்கள், ஆனால் பாதியைத்தான் சொன்னீர்கள். நடுவர் இல்லாத ஆட்டத்தில் எதிரணியின் கிச்சன் ஃபால்ட்டை நாம் சொல்லலாம், அனுமதி உண்டு. ஆனால் அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பாயிண்டைத் திரும்ப ஆட வேண்டும். அதுவும் அதே விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. "தொப்பிக்கா தம்பி" என்றால் ஒப்புக்கொண்டதா, மறுத்ததா? நீங்கள் கேட்கவே இல்லை போலிருக்கிறதே.

சரி, என் கதை. நாங்கள் சியாட்டில் பக்கம். ஒரு நாள் ஃபெரி ஏறிப் பெயின்பிரிட்ஜ் தீவுக்குப் போனோம். 1965இல் ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் கோடை விடுமுறையில் சலித்துப்போன பிள்ளைகளுக்காகப் பழைய பேட்மிண்டன் கோர்ட்டில் இந்த ஆட்டத்தைக் கிளப்பிவிட்ட தீவு. அதனால்தான் இன்றும் கோர்ட் 44 அடிக்கு 20 அடி, அச்சாகப் பேட்மிண்டன் டபுள்ஸ் அளவு. நாங்கள் இரண்டு பேரும் பழைய டென்னிஸ் ஆட்கள், எதையும் பலமாக அடித்தே ஆடும் ரகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. எதிரே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, முழங்காலில் பட்டை. சுலபம் என்று நினைத்து முழு பலத்தோடு டிரைவ் அடித்தோம்.

பாட்டி என்ன செய்தார் தெரியுமா? பேடிலை மார்போடு அணைத்துக்கொண்டு தோளை மட்டும் ஒருக்களித்தார். பந்து அவர் காதோரமாகப் போய், பேஸ்லைனுக்கு ஓரடி வெளியே விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்ட்னர்தான் "அவுட்" என்றார். அடுத்த டிரைவ், மறுபடியும் தோள். அடுத்ததும் அப்படியே. ஒரே ஒரு முறை பந்து கோட்டருகே விழுந்தது. பார்ட்னர் அவுட் என்று கையைத் தூக்க, பாட்டி "நான் பார்த்தேன், உள்ளே" என்று பாயிண்டை எங்களுக்கே கொடுத்தார். 11-3. நாங்கள் எடுத்த மூன்றில் ஒன்று அது.

இடுப்பு உயரத்தில் வலையைத் தாண்டி வேகமாக வரும் பந்து வேறு, தோள் உயரத்தில் வருவது வேறு, அது பெரும்பாலும் வெளியேதான் போய் விழும். இதைப் படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அதை ஒருவர் ஆட்டம் முழுக்கக் கைவிரல் அசையாமல் செய்து காட்டியபோதுதான், என் டிரைவ்களில் எத்தனை உண்மையில் கோர்ட்டுக்குள் விழுபவை என்ற கேள்வியே வந்தது. இன்னும் போகவில்லை.

நாவலூர் நைட்ஸ்

பாட்டி கதை சூப்பர். நம்ம கதை பேடில் பற்றியது.

சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு மொட்டைமாடிக் கோர்ட், ராத்திரி பத்து மணி ஸ்லாட், மே மாதம். புழுக்கத்தில் பந்தே இளகித் தொளதொளவென்று ஆகிவிடும், யாராலும் வேகமாக அடிக்க முடியாது. ஆனால் எதிரே நின்ற பையன் மட்டும் கையை லேசாக நீட்டுகிறான், பந்து துப்பாக்கியிலிருந்து வருகிற மாதிரி வருகிறது. பின்னால் இழுக்கவும் இல்லை, தோளும் சுற்றவில்லை. கிச்சன் கோட்டில் நின்று அவன் ஸ்பீடப் செய்தால் (திடீரென்று வேகமாக அடித்தால்) நான் பேடிலைத் தூக்குவதற்குள் பந்து என் வயிற்றில்.

இரண்டாவது கேம் முடிந்ததும் "தம்பி, அந்தப் பேடிலைக் கொஞ்சம் காட்டு" என்றேன். கார்பன் முகப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நடுவில் முறுக்கு நொறுங்கும் சத்தம். உள்ளே தேன்கூடு போன்ற நடுப்பகுதி (கோர்) நசுங்கி, முகப்பு அதிலிருந்து பிரிந்துவிட்டது. தட்டிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சத்தம், நடுவில் ஒரு சத்தம். செத்த பேடில் என்று நினைப்பீர்கள், ஆனால் உண்மையில் அது பந்தை எகிறவைக்கும் டிராம்போலின் ஆகிவிட்டது. போட்டியில் இதைக் கொண்டுபோனால் வெளியே வைக்கச் சொல்லிவிடுவார்கள்.

"வாங்கி நாலு மாசம்தான் அண்ணா ஆகுது, தானா இப்படி ஆயிருச்சு, நான் என்ன பண்ணட்டும்?" என்றான். பொய் இல்லை, அந்த மாதிரி பேடில்களுக்கு அது நடக்கிறதுதான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஒரு கேம் நீங்க ஆடிப் பாருங்க" என்று நீட்டினான். ஆடினேன். மக்களே, அந்தப் பதினைந்து நிமிடம்! என் பேக்ஹேண்டில் அப்படி ஒரு வேகம் வாழ்நாளில் வந்ததில்லை. திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

ரிட்டயர்டு பேக்ஹேண்ட்

நாவலூர் தம்பிக்கு. செத்த பேடிலை நினைத்து ஏங்காதீர்கள். என் வயதில் இருந்து ஒரு வார்த்தை.

நான் பார்த்தது ஒன்றுதான். எங்கள் கிளப்பில் என்னோடு ஆடும் நண்பர், தலைக்கு மேல் போன லாபுக்காகப் பின்னோக்கியே அடி வைத்துப் போனார், குதிகால் தடுக்கியது, கையை ஊன்றினார், மணிக்கட்டு போயிற்று. விழுந்த சத்தத்தை விட அவர் "பாயிண்ட் யாருக்கு?" என்று கேட்டதுதான் எனக்கு மறக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் லாப். பின்னால் நடக்கவே கூடாது. உடம்பைத் திருப்பி, வலைக்கு முதுகு காட்டி ஓடுங்கள். முடியாவிட்டால் "உன்னுது" என்று பார்ட்னரிடம் விடுங்கள். ஒரு பாயிண்டுக்கு எலும்பு கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காலணி. ஜாகிங் ஷூ போட்டு ஆடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அது நேராக ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் காலை ஊன்றினால் கணுக்கால் மடங்கும். உள்ளரங்கில் பேட்மிண்டன் ஷூ போதும். சிமெண்ட் தரை என்றால் அதன் ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும், டென்னிஸ் ஷூ வாங்குங்கள்.

மூன்றாவது பேடில். தடிமன் 16 மில்லிமீட்டர் என்றால் பந்து கொஞ்சம் உறங்கும், டிராப்பும் (பந்தை வலையருகே மெதுவாக விழச் செய்வது) ரீசெட்டும் (வேகப் பந்தைத் தணித்துப் போடுவது) கைக்குள் நிற்கும். 14, 13 என்று மெலிய மெலிய உதைப்பு கூடும். உங்கள் மாதிரி அவசரக்காரர்களுக்கு 16தான். கைப்பிடி சுற்றளவு பாருங்கள்: பிடித்த பிறகு விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். மெலிதாக வாங்கினால் ஓவர்கிரிப் (கைப்பிடிக்கு மேல் சுற்றும் பட்டை) சுற்றிப் பெருக்கலாம், தடியாக வாங்கினால் செதுக்க முடியாது. நடுவை விட்டு அடித்தால் பேடில் கையில் திருகுகிறதா? இரண்டு பக்க ஓரத்திலும் கொஞ்சம் லெட் டேப் (எடை கூட்டும் ஈயப் பட்டை) ஒட்டுங்கள். ஒரேயடியாக ஒட்டினால் முழங்கை கேட்கும்.

நாலாவது கண்ணாடி. கிச்சன் கோடுகளில் நாலு பேரும் எதிரெதிரே 14 அடி இடைவெளியில் நிற்கிறோம். அந்தத் தூரத்தில் ஒரு ஸ்பீடப் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கண் மருத்துவர்களைக் கேளுங்கள். பாலிகார்பனேட் கண்ணாடி, இருநூறோ முந்நூறோ, போடுங்கள்.

ஐந்தாவது, ராத்திரி பத்து மணிக்கு ஆடாதீர்கள். தூக்கம் கெடும்.

நாவலூர் நைட்ஸ்

சார், நான் எதுவும் கேட்கவே இல்லையே?

ரிட்டயர்டு பேக்ஹேண்ட்

கேட்டிருக்க வேண்டும்.

பிளாக்குக்குக் கீழே

தூக்கம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் சிங்கப்பூர். எங்கள் கோர்ட்டைச் சுற்றி மூன்று பக்கமும் அடுக்குமாடி வீடுகள். இங்கே சத்தப் பிரச்சினை எப்படி என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடினமான பேடில், கடினமான ஓட்டைப் பந்து, மூன்று பக்கச் சுவர். பூப்பந்து ஆடினால் யாரும் சன்னலைத் திறந்து பார்ப்பதில்லை.

ஒரு ராத்திரி ஒன்பதரை இருக்கும், நல்ல ரேலி. ஒருவர் வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தமிழர்தான், வேலைச் சீருடை, நைட் ஷிப்டுக்குப் போகிறவர் போல. திட்டப் போகிறார் என்று நாங்கள் நிறுத்தினோம். அவர் எதுவும் பேசவில்லை. போனை எடுத்தார், சத்தத்தை முழுதாக ஏற்றினார், ஒரு பதிவைப் போட்டார். முந்தின நாள் அவர் படுக்கையறையிலிருந்து எடுத்தது. டொக், டொக், டொக், டொக். நடுவில் என் பார்ட்னர் "அவுட்டுங்க அக்கா!" என்று கத்துவது தெளிவாகக் கேட்டது. அப்புறம் எங்கள் சிரிப்பு. முழுவதும் ஓடி முடியும்வரை எங்களை நிற்க வைத்துவிட்டு, "நான் ஆறாவது மாடிங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

இப்போது சாயங்காலம் ஸ்பாஞ்ச் பந்தில் ஆடுகிறோம். டிங்க் வரைக்கும் பரவாயில்லை. சர்வுக்கும் அதன் பதிலுக்கும் அடுத்து மெதுவாக விழச் செய்யும் மூன்றாவது ஷாட் டிராப்பெல்லாம் அதில் வராது, பந்து பாதி வழியிலேயே மூச்சு விட்டுவிடும். தொப்பிக்கு விதி இருக்கிறது, திரும்ப ஆட விதி இருக்கிறது, ஆறாவது மாடிக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

முன்னாள் ஸ்லிப்

நான் பிளேனோக்காரர் கட்சி. தொப்பிக்கு இரக்கம் காட்டினால் அப்புறம் எல்லாவற்றுக்கும் காட்ட வேண்டும்.

கோயம்புத்தூர், ஞாயிற்றுக்கிழமை. என் பார்ட்னர் டிவிஷன் கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நின்றவன் (எனக்குப் பக்கத்தில்தான்). 9-9, சர்வ் அவர்களுடையது. எதிரே இரண்டு காலேஜ் பெண்கள். ஒரு பெண் அடித்த டிரைவ் நெட்டுக்கு மேல் நாலடி உயரத்தில் போகிறது, பேஸ்லைனைத் தாண்டி இரண்டு கஜமாவது போய்த்தான் விழும். நம்ம ஆள் என்ன பண்ணினான்? வெளியே நின்றபடி, இடது கையை நீட்டி, அழகாக ஒரு கேட்ச். பிடித்துத் தூக்கிக் காட்டி, "அவுட்!" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, ரஞ்சி விக்கெட் கிடைத்த மாதிரி.

அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "அண்ணா, பாயிண்ட் எங்களுக்குங்க" என்றாள். சரிதானே? தரையில் விழும்வரை பந்து உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் கோர்ட்டுக்கு வெளியே நின்றாலும், பந்து பக்கத்து ஊருக்கே போய்க்கொண்டிருந்தாலும், விழுவதற்கு முன் பிடித்தால் உங்கள் ஃபால்ட். 10-9, அடுத்த பாயிண்டும் போய் ஆட்டம் முடிந்தது. டீக்கடையில் இரண்டு மணி நேரம் சண்டை. "வெளியே போற பந்தைப் புடிச்சா அது உதவிதானேடா, அவங்க ஓடி எடுக்க வேணாமில்ல?" என்கிறான். இன்று வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

பிளேனோக்காரன்

ஈரக்கோர்ட் அண்ணா, அவர் மறுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். மறுத்திருந்தால் திரும்ப ஆடியிருப்பேன்.

ஈரக்கோர்ட்

எழுபது வயதுக்காரர் "தொப்பிக்கா தம்பி" என்று கேட்டால் நம்ம ஊரில் அது மறுப்புதான். இன்னொன்று, அவர் கால் ஊன்றி நிலையாக நின்ற பிறகு தொப்பி விழுந்ததா, அதற்கு முன்பா? நிலைக்கு வந்துவிட்டால் வாலி முடிந்தது. அதற்கப்புறம் காற்று தொப்பியைத் தள்ளினால் ஃபால்ட் இல்லை. காற்று நாள் என்று நீங்களேதான் முதல் வரியில் எழுதினீர்கள்.

பிளேனோக்காரன்

காற்றில் இருக்கும்போதே கழன்றது. கால் ஊன்றியதும் அது விழுந்ததும் ஒரே சமயம்.

ஈரக்கோர்ட்

ஒரே சமயமா? அப்படியென்றால் கண்டிப்பாகத் திரும்ப ஆடியிருக்க வேண்டும்.

முன்னாள் ஸ்லிப்

கழன்றது அடியின் வேகத்தில். கிச்சனுக்குள் எப்போது விழுந்தால் என்ன? ஃபால்ட் ஃபால்ட்தான். வேண்டுமானால் ஒரு ரெஃப்ரியைக் கூட்டிவந்து கேளுங்கள்.

நாவலூர் நைட்ஸ்

நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். ரிட்டயர்டு சார், நீங்கள் சொன்ன 16 மில்லிமீட்டரை நேற்று நண்பனிடம் வாங்கி ஆடிப் பார்த்தேன். ரீசெட் நிஜமாகவே உட்காருகிறது, ஸ்மாஷ்தான் சவசவ என்று போகிறது. என் 14 அப்படியே இருக்கிறது, முகப்புச் சொரசொரப்பு கொஞ்சம் தேய்ந்திருக்கும், மற்றபடி நல்ல நிலை. சென்னையில் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், ஓவர்கிரிப் இரண்டு இலவசம்.