திரும்பி வந்த சாமி சிலைங்கள கம்பிக் கதவுக்குள்ள வைக்கறதா, கோவில்ல வைக்கறதா?

தேக்காவாசி:
ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்ச கேள்வி. நான் இருக்கறது சிங்கப்பூர்ல. இங்க ஏசியன் சிவிலைசேஷன்ஸ் மியூசியத்துல ஒரு உமா பரமேஸ்வரி இருந்தாங்க, சோழர் காலத்து வெண்கலம், வேலைய விட்டு வர்றப்ப சும்மா போய் அவங்க முன்னாடி நின்னுட்டு வருவேன். நியூயார்க் டீலர் சுபாஷ் கபூர்கிட்ட இருந்து 2007-ல ஆறரை லட்சம் அமெரிக்க டாலர் குடுத்து வாங்குனது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோவில்ல திருடுனதுன்னு அப்புறம் தெரிய வந்து 2015-ல இந்தியாவுக்கே குடுத்துட்டாங்க. அதே கோவில் நடராஜர கான்பெரா நேஷனல் கேலரி 2008-ல 50 லட்சம் டாலருக்கு மேல குடுத்து வாங்கி வச்சிருந்தாங்க, 2014 செப்டம்பர்ல அப்ப ஆஸ்திரேலியப் பிரதமரா இருந்த டோனி அபாட் டெல்லிக்கு வந்து மோடி கையில ஒப்படைச்சாரு. ஒரே கோவில் சாமிங்க, ஒருத்தர் ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் சிங்கப்பூர்ல, நெனச்சாலே வயிறு எரியுது.

ஆனா வந்த நடராஜர் ஊருக்கு போகல, கும்பகோணத்துல கோவில் சிலைங்கள பூட்டி பத்திரமா வைக்கற பாதுகாப்பு மையத்துக்கு கொண்டு போனாங்க. திருப்பி குடுத்தது தப்புன்னு நான் சொல்லல. மியூசியத்துல யார் வேணா பாக்கலாம், பாதுகாப்பு மையத்துல யார் பாக்கறது? இந்த திரும்ப வர்றது யாருக்காகன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொள்ளிடக்கரை:
நான் அந்தப் பக்கத்து ஆளு தாங்க. மொதல்ல திருட்டு எப்படி நடந்துச்சுன்னு புரிஞ்சுக்கங்க. அந்தக் கோவில்ல தினப்படி பூஜை நின்னு போய் பூட்டியே கெடந்துச்சு, 2006-ல தூக்கிட்டு போயிட்டானுங்க, யாருக்குமே தெரியல. 2008-ல அதிகாரிங்க சிலைங்கள பாதுகாப்பான எடத்துக்கு மாத்தலாம்னு வந்து கதவ தெறந்தப்ப தான் காணோம்னே தெரிஞ்சுது. ரெண்டு வருஷம்! அதுக்குள்ள சாமி கடல் தாண்டி, பொய் பேப்பர் ரெடியாகி, வித்தும் முடிச்சாச்சு.

நாலு வேளை விளக்கு எரிஞ்சு, குருக்கள் வந்து போய், வாட்ச்மேன் ஒருத்தர் படுத்துருந்தா இது நடந்துருக்காது. பாதுகாப்பு மையத்த நான் குறை சொல்லல, திருவாரூர் மையத்துல ஆயிரக்கணக்குல உற்சவர் திருமேனிங்க இருக்கு, திருவிழாவுக்கு போலீஸோட ஊருக்கு எடுத்துட்டு வந்து முடிஞ்சதும் திரும்ப கொண்டு போறாங்க. வருஷத்துல ஒரு நாள் வந்துட்டு போற சாமிய பாக்கறப்ப எங்க ஊர் பெரியவங்க அழுவாங்க. பூஜை இல்லாத கோவில்ல திரும்ப வச்சா திரும்ப போயிரும், அதனால மொதல்ல கோவில உயிரோட வைக்கணும், சிலை அதுக்கப்புறம் தான்.

சிற்பப்பித்தன்:
கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவப்படாதீங்க. ஆயிரம் வருஷத்து வெண்கலம் அது, காத்து ஓட்டம் இல்லாத ரூம்ல நெருக்கி அடுக்கி வச்சா ஈரமும் உப்பும் சேந்து பச்சை பச்சையா பொடி பூத்து உள்ளயே அரிச்சிரும். எக்மோர் மியூசியத்துல திருவாலங்காட்டு நடராஜர் இருக்காரு, ஸ்கூல் பசங்க கூட டிக்கெட் எடுத்து பாக்கறாங்க. அந்த மாதிரி டெல்டாவுலயே, நல்ல க்ளைமேட் கன்ட்ரோலோட ஒரு கேலரி கட்டி, திரும்பி வந்த எல்லாத்தையும் வச்சு, இது எந்த கோவில், எந்த வருஷம் திருடு போச்சு, எவன் வித்தான், யார் வாங்குனாங்கன்னு போர்டு வச்சா என்ன தப்பு? கபூருக்கு 2022 நவம்பர்ல கும்பகோணம் கோர்ட் 10 வருஷம் ஜெயில் குடுத்துச்சு, அந்தக் கதையும் ஜனங்களுக்கு தெரியணும்ல.

வழக்காடி:
சிற்பப்பித்தன் சார், பாதுகாப்பு பத்தி சொன்னது சரி. ஆனா உரிமை யாருதுங்கறத விட்டுட்டீங்க. பத்தூர் நடராஜர் கேஸ் ஞாபகம் இருக்கா? 1976-ல மண்ணு தோண்டறப்ப ஒரு கூலித் தொழிலாளி கைல கெடச்சுது, கை மாறி கை மாறி லண்டன் போய், 1982-ல பம்பர்னு ஒரு கனடா ஆயில் கம்பெனி இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்குச்சு. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு சரி பண்ண அனுப்புனப்ப லண்டன் போலீஸ் புடிச்சுது. கேஸ்ல சிலைல ஒட்டியிருந்த மண்ணு, கரையான் தடம் வரைக்கும் ஆராய்ஞ்சாங்க, பத்தூர்ல கெடச்ச மத்த சிலைங்களோட ஒப்பிட்டு பாத்தாங்க. கடைசில இடிஞ்சு கெடந்த கோவிலுக்கே, அதோட தக்கார் (கோவில் நிர்வாகத்துக்கு நியமிச்ச பொறுப்பாளர்) மூலமா, தன் சொத்த கேட்டு வழக்கு போட உரிமை உண்டுன்னு லண்டன் கோர்ட் ஒத்துக்கிச்சு, 1991-ல அப்பீலும் தள்ளுபடி, சிலை தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. ஜெயிச்சதே கோவில் பேர சொல்லித்தான். ஜெயிச்ச அப்புறம் கேலரில வைக்கறோம்னா கோவில் தரப்புக்கு நாம என்ன பதில் சொல்றது? ஊர்க்காரங்க தாங்களே சம்மதிச்சா அது வேற விஷயம்.

மட்டுநகரான்:
இலங்கையில இருந்து எழுதுறன். உங்கட கேள்வி எங்களுக்கும் இருக்கு. 2023 டிசம்பர்ல நெதர்லாந்து ஆறு பொருள் திருப்பித் தந்தவை, அதில லெவ்கேயின்ர பீரங்கியும் ஒண்டு, 1765-ல கண்டி அரண்மனையில டச்சுக்காரர் சூறையாடினது. இப்ப கொழும்பு மியூசியத்தில இருக்கு. அது அரச பொருள், மியூசியத்தில இருக்கிறது சரி எண்டு நினைக்கிறன். ஆனா பௌத்தர் கும்பிடுற தாரா தேவி சிலை இன்னும் பிரிட்டிஷ் மியூசியத்தில தான், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எடுத்தது எண்டு அவையே எழுதி வச்சிருக்கினம், ஆளுநரா இருந்த பிரவுன்ரிக் 1830-ல குடுத்தது. கேட்டா, பிரிட்டிஷ் மியூசியத்துக்கான 1963-ம் ஆண்டுச் சட்டம் பொருட்களத் திருப்பிக் குடுக்க விடாதாம். நைஜீரியாவிலயும் இதே பிரச்சினை தான், பெனின் எண்ட பழைய இராச்சியத்தின்ர வெண்கலச் சிற்பங்கள 1897-ல பிரிட்டிஷ் படை கொள்ளையடிச்சது, ஜெர்மனி 2022-ல திருப்பிக் குடுக்கத் தொடங்கின பிறகு அது தேசிய மியூசியத்துக்கோ பெனின் அரசருக்கோ எண்டு பெரிய விவாதம் வந்து, 2023-ல அரசருக்குத் தான் சொந்தம் எண்டு நைஜீரிய ஜனாதிபதி அறிவிச்சவர். எங்க வைக்கிறது எண்டு நாங்கள் எங்களுக்குள்ள பேசித் தீர்ப்பம், அதச் சாட்டா வச்சு அவை தராமல் இருக்கேலாது.

தேக்காவாசி:
மட்டுநகரான், கடைசியா சொன்னீங்களே அது தான் எனக்கு உறுத்திட்டு இருந்துச்சு, நன்றி. இன்னொண்ணு கேக்கறேன், திரும்ப கோவிலுக்கே போய் சேந்த சாமிங்க யாராவது இருக்காங்களா?

பழைய_நெகட்டிவ்:
இருக்காங்க. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோவில் நடராஜர், 1982-ல திருடு போனவரு, ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு கேலரில இருந்து 2019-ல வந்து ஊருக்கே போயிட்டாரு, ஊரே தெரண்டு வரவேத்தாங்க. ஆனந்தமங்கலம் ராமர், லட்சுமணர், சீதை 1978-ல போனவங்க, 2020-ல லண்டன்ல இருந்து வந்து கோவில் சேந்துட்டாங்க. இந்த ராமர கண்டுபுடிச்சதே பாண்டிச்சேரி ஃப்ரெஞ்ச் இன்ஸ்டிட்யூட் 1958-ல எடுத்த போட்டோவால தான். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கும் அவங்க போட்டோ தான் சாட்சி. அவங்க திருட்டு நடக்கறதுக்கு முன்னாடியே ஊர் ஊரா போய் எடுத்து வச்சிருக்கலன்னா இத நிரூபிக்கறது ரொம்ப கஷ்டமாயிருக்கும்.

அதனால இத படிக்கறவங்க உங்க ஊர் செயல் அலுவலர், குருக்கள்கிட்ட அனுமதி வாங்கி அலங்காரம் இல்லாத நேரத்துல ஒவ்வொரு உற்சவரையும் முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம், பீடம் எல்லாம் படம் எடுங்க. அளவுக்கு பக்கத்துல ஸ்கேல் வைங்க, உடைஞ்ச விரல், திருவாசில (சிலைய சுத்தி இருக்கற வளைவு) விட்டுப்போன சுடர், பீடத்துல எழுத்து இருந்தா அது, இதெல்லாம் தனியா கிட்ட போய் எடுங்க, ஏன்னா நாளைக்கு கோர்ட்ல அடையாளம் காட்டறது அந்த குறைங்க தான். ஃபேஸ்புக்ல போடாதீங்க, திருடனுக்கு கேட்லாக் குடுத்த மாதிரி ஆயிரும். ஒரு காப்பி கோவில்ல, ஒண்ணு அறநிலையத்துறைகிட்ட, ஒண்ணு ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர்கிட்ட.

கொள்ளிடக்கரை:
இந்த பங்குனி உத்திரத்துக்கு எங்க ஊர் சாமி மையத்துல இருந்து வருவாரு, அன்னிக்கு அபிஷேகத்துக்கு முன்னாடி எடுத்தா அலங்காரம் இருக்காது. கேமரா தெரிஞ்ச யாராவது அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் இருந்தா இங்கயே சொல்லுங்க, குருக்கள்கிட்ட நான் பேசறேன்.