ஆட்சென்ஸ் (யூடியூப் விளம்பர வருமானத்தைத் தரும் கூகுள் சேவை) பணம் அனுப்பியாச்சு, வங்கியில் ஏறவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். சமையல் யூடியூப் சேனல், பிரானூர் பார்டர் பரோட்டா சால்னா மாதிரி நம்ம பக்கத்துச் சாப்பாடு; பார்ப்பவர்களில் பாதிப் பேர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும்தான். ஒருவழியாக 100 டாலர் தாண்டி, போன மாதம் 22ஆம் தேதி முதல் பணம் அனுப்பியதாக ஆட்சென்ஸ் காட்டுகிறது. இன்று தேதி 10, கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை.

தபாலில் பின் நம்பர் வந்து முகவரி சரிபார்ப்பு முடிந்தது, அமெரிக்க வரிப் படிவமும் ஓகே. இங்குள்ள கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வருவதற்கான வங்கி அடையாளக் குறியீடு) கிடையாது என்பதால் மேனேஜரே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த சென்னைக் கிளையின் கோடைத்தான் போட்டேன். இப்போது அவரிடம் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரலையே" என்கிறார், சென்னைக்குப் போன் போட்டால் உங்கள் கிளையில் கேளுங்கள் என்கிறார்கள். ரசீதை பிரிண்ட் எடுத்துக் காட்டியும் பார்த்தாச்சு. பர்ப்பஸ் கோடு (பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும் குறியீடு) கேட்டுக்கூட யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம் ஒரு விஷயம், பாஸ்புக்கில் என் பெயர் இனிஷியலோடு, ஆட்சென்ஸில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. (இந்த இனிஷியல் நம்மை எங்கேயும் விடாது போல.)

பெயர் இப்படி இருப்பதால் பணம் சென்னையிலேயே நின்றிருந்தால், அதை விடுவிக்க வங்கியின் எந்தப் பிரிவுக்கு, என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?