Re: ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: நியாயமான வசதி, சலுகை, தகவமைப்பு, அனுசரிப்பு, இடமளிப்பு. அக்காமடேஷன் என்றதும் ‘தங்குமிடம்’ என்று எழுதிவிடுவதை இங்கே யாரும் ஆதரிக்கவில்லை, அதனால் அதை விட்டுவிடலாம். என் ஆதரவு இடமளிப்புக்கு. ஓசை நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. ஒருவரின் சமயமோ மாற்றுத்திறனோ பொதுவிதியோடு மோதும்போது, பள்ளியோ பணியிடமோ அவருக்காக விதியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’. இந்தச் சட்டக் கருத்தில் கடமை யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். அதைக் காட்டாத சொல்லை எடுத்துக்கொண்டால் தீர்ப்புகளையே தலைகீழாகப் படிக்க நேரும். இதை விளக்க ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. 2004இல் விடுமுறை முடிந்து வந்த ஒரு மாணவி சின்னதாக ஒரு தங்க மூக்குத்தி போட்டிருந்தார். பள்ளியின் விதிப்படி காதுக்கு ஒன்றாகச் சாதாரணத் தோடு போடலாம், மூக்குத்திக்கு அனுமதி இல்லை. கழற்றச் சொன்னார்கள். தாய் கடிதம் எழுதி விளக்கினார்: பெண் பருவமடைந்ததும் மூக்குக் குத்துவது தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தின் வழக்கம், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டு வாழ்த்துவார், அலங்காரத்துக்காகப் போட்டது அல்ல. பள்ளி கேட்கவில்லை. டர்பன் சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் அரசமைப்பு நீதிமன்றம் வரை போய், 2007 அக்டோபர் 5 அன்று தலைமை நீதிபதி பியஸ் லாங்கா பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். மாணவியின் குடும்பப் பெயரால் பிள்ளை வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். தீர்ப்பு வந்தபோது அந்த மாணவி பள்ளியை விட்டே போய்விட்டார். மற்றப் பிள்ளைகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் விடை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது.

மூக்குத்தி போட வேண்டும் என்று சமயத்தில் கட்டளை எதுவும் கிடையாது. குடும்பமே அப்படிச் சொல்லவில்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும், ஒருவர் தன் சமயத்தோடும் பண்பாட்டோடும் சேர்த்து மனமார விரும்பிக் கடைப்பிடிப்பதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். அதற்குப் பிறகு பார்வை பள்ளியின் பக்கம் திரும்பியது. ஒரு பாகுபாடு நியாயமற்றதா என்று பார்க்கும்போது, பன்மைக்கு இடமளிக்க எதிர்த்தரப்பு தக்க நடவடிக்கை எடுத்ததா என்பதையும் பார்க்கச் சொல்கிறது அந்நாட்டின் 2000ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம். அரசோ, முதலாளியோ, பள்ளியோ, எல்லோரும் சமமாகப் பங்கேற்க வேண்டும் என்றால் தானே முன்வந்து சில மாற்றங்களைச் செய்ய வேண்டும், அதற்குக் கொஞ்சம் செலவும் சிரமமும் பட்டாலும் பட வேண்டும் என்பது தீர்ப்பின் மையக் கருத்து. நடத்தை விதிகளைத் திருத்தி, சமயம், பண்பாடு சார்ந்த கோரிக்கைகளுக்கு ஒரு நடைமுறை வகுக்கும்படி பள்ளிக்கு உத்தரவிட்டார்கள்.

இனி நம் சொற்களை இந்த வழக்கில் வைத்துப் பார்ப்போம்.

> சலுகை என்றால் எல்லோருக்கும் புரியுமே, ஏன் புதுச்சொல்?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சலுகை கொடுப்பவர் விருப்பம். இன்று கொடுத்ததை நாளை எடுத்துக்கொள்ளலாம். டர்பன் பள்ளியைப் பார்த்து நீதிமன்றம் கருணை காட்டச் சொல்லவில்லை, இது உன் கடமை என்றது. அதோடு, ஒரு சமயத்தவருக்குச் ‘சலுகை’ என்ற பேச்சு நம் அரசியல் மேடைகளில் எப்படிப் புழங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கறை படிந்த சொல்லைச் சட்ட அகராதிக்குள் கொண்டுவர எனக்குத் துளியும் சம்மதமில்லை.

‘விதிவிலக்கு’ போதாதா என்று நேற்று ஒரு தனிமடல் வந்தது. விதிவிலக்கு வேறு. தலைப்பாகை அணிந்த சீக்கியர்கள் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் போட வேண்டியதில்லை என்று பிரிட்டன் 1976இல் சட்டம் போட்டது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவிலும் அப்படி உண்டு. அதெல்லாம் விதிவிலக்கு: சட்டம் இயற்றுபவர் ஒரு குழுவுக்கு ஒரே தடவையில் கொடுத்துவிடுவது. நாம் பேசுவது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது. கனடாவின் முல்தானி வழக்கைப் பாருங்கள். மான்ட்ரியால் பள்ளி வளாகத்தில் 2001இல் ஒரு சீக்கிய மாணவனின் உடைக்குள்ளிருந்து கிர்ப்பான், அதாவது சீக்கியர்கள் சமய அடையாளமாக அணியும் கத்தி, கீழே விழுந்தது. கத்தியைப் பள்ளிக்குள் விட முடியுமா என்று சண்டை. 2006இல் கனடா உச்ச நீதிமன்றம் முழுத் தடையை ரத்து செய்தது, ஆனால் எப்படியும் கொண்டுவரலாம் என்று விட்டுவிடவில்லை. உறை மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும், உலோகம் கூடாது. உறையோடு சேர்த்துத் தடித்த துணியில் வைத்துத் தைத்துவிட வேண்டும், அதைத் தோள்பட்டையோடு சேர்த்தும் தைக்க வேண்டும், சட்டைக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். இந்த ஒவ்வொரு தையலும் பள்ளியின் பாதுகாப்பையும் பையனின் நம்பிக்கையையும் ஒன்றாக வைத்து யோசித்துப் போட்டது. விதிவிலக்கு என்ற சொல்லுக்குள் இது அடங்காது.

> அனுசரிப்பு – பேச்சு வழக்கிலேயே இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் யாரிடம் சொல்கிறோம்? ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்று புகுந்த வீட்டுக்குப் போன பெண்ணிடம் சொல்கிறோம். மாமியாரிடம் யாரும் சொல்வதில்லை. பலம் குறைந்தவர் வளைந்துகொடுப்பதுதான் தமிழில் அனுசரிப்பு. அதை அப்படியே பிள்ளை வழக்கில் வைத்தால், மூக்குத்தியைக் கழற்றிவிட்டு வகுப்புக்குப் போ என்றுதான் பொருள் வரும். தீர்ப்பு சொன்னதற்கு நேர் எதிர்.

தகவமைப்பைச் சொன்ன ஐயா உயிரியல் ஆசிரியர். அந்தத் துறையில் அது அருமையான சொல். ஆனால் அங்கேயும் சூழலுக்கு ஏற்ப மாறுவது உயிர்தானே ஐயா? இங்கே மாற வேண்டியது சூழல். சொல் ஒன்று, திசை வேறாகிவிடுகிறது.

‘வசதி’ பற்றி மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக வழக்காடும் அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதே சொற்றொடர் வருகிறது: தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்வது, ஆனால் அளவுக்கு மீறிய சுமையாகாமல் செய்வது என்று வரையறை. ஆக, சமயத்துக்கு ஒரு சொல், மாற்றுத்திறனுக்கு ஒரு சொல் என்று வைத்தால் நாமே குழப்பத்தை உண்டாக்குவோம். ஒரே சொல் வேண்டும் என்று அக்கா சொன்னது முழுக்கச் சரி. சாய்தளம், மின்தூக்கி என்று யோசிக்கும்போது வசதி பொருந்துகிறது. ஆனால் தேர்வில் கூடுதல் நேரம் கொடுப்பதோ, பணிமுறையை மாற்றிப் போடுவதோ வசதி ஆகுமா? மூக்குத்தி வசதி அல்லவே. இடமளிப்பு என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

இடமளிப்புக்கு வந்த மறுப்புகள் இரண்டு. ஒன்று, இட ஒதுக்கீட்டோடு குழம்பும் என்பது. முதலில் எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. ஆனால் ஒதுக்கீடு என்ற பகுதி தமிழ்நாட்டில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதால், இடமளிப்பைப் பார்த்து யாரும் அதை நினைக்கப்போவதில்லை. இன்னொன்று கனமான மறுப்பு:

> ‘இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்ற பழமொழி இருக்கிற மொழியில் இந்தச் சொல் எடுபடுமா?

எடுபட வேண்டும் என்கிறேன். ஏனென்றால் அந்தப் பழமொழிதான் டர்பன் பள்ளியின் வாதமே. இன்று மூக்குத்திக்கு விட்டால் நாளைக்குச் சடைமுடி வரும், உடம்பெல்லாம் குத்திக்கொண்டு வருவார்கள், கோவணத்தோடும் வருவார்கள் என்ற அச்சத்தை அவர்கள் முன்வைத்தார்கள். லாங்கா அதற்கு நேராகவே பதில் சொன்னார்: தங்கள் சமயத்தையோ பண்பாட்டையோ இதுவரை வெளிக்காட்டப் பயந்திருந்த பிள்ளைகள் இதனால் துணிவு பெற்றால் அது கொண்டாட வேண்டியது, அஞ்ச வேண்டியது அல்ல. அந்தப் பயமும் அதற்கான பதிலும் ஒரே சொல்லைச் சுற்றி நிற்கின்றன என்றால், அந்தச் சொல் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

வினையாக்கவும் எளிது. இடமளிக்கும் கடமை, இடமளிப்புக் கோரிக்கை, இடமளிக்க மறுப்பு. வழக்கறிஞர் மனுவில் எழுதலாம், பெற்றோர் தலைமையாசிரியருக்குக் கடிதத்தில் எழுதலாம்.

முன்னால் வரும் ‘ரீசனபிள்’ என்பதற்கு ‘நியாயமான’ இருக்கட்டும். ‘நியாயமான கட்டுப்பாடுகள்’ என்று ஏற்கெனவே புழங்குகிறது. இடமளிப்புக்கு எல்லை உண்டு என்பதை அது சொல்கிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் ஒரே தீர்ப்பில் இரண்டு பிரிட்டன் பெண்களின் சிலுவைச் சங்கிலி பற்றி முடிவு சொன்னது. விமான நிறுவன ஊழியர் வென்றார், மருத்துவமனைச் செவிலியர் தோற்றார். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், திறந்த புண்ணில் படலாம் என்ற காரணத்தை நீதிமன்றம் ஏற்றது. நிறுவனத்தின் தோற்றப் பொலிவு அந்த அளவுக்குக் கனமான காரணம் ஆகவில்லை.

அப்புறம், இந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல்லையும் இப்போதே முடித்துவிட்டால் நல்லது: ‘அன்டியூ ஹார்ட்ஷிப்’, அதாவது இடமளித்தால் தனக்கு அளவுக்கு மீறிய சுமையாகும் என்பது. இடமளிக்க மறுப்பவர் கையில் எடுக்கும் வாதம் இது. அமெரிக்காவில் 1977இல் ஹார்டிசன் வழக்கில், சொற்பத்துக்கு மேல் செலவானாலே போதும், முதலாளி மறுக்கலாம் என்பது போல ஒரு வரி வந்தது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட விமான நிறுவனத் தொழிலாளி தோற்றார். அந்த ஒரு வரியால் 46 ஆண்டுகள் பலரின் கோரிக்கை தள்ளுபடியானது. 2023இல் குரோஃப் வழக்கு வந்தது. பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை அமேசான் பார்சல் கொண்டுபோக மறுத்த அஞ்சல் ஊழியர். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: அந்தத் தொழிலின் போக்கில் வைத்துப் பார்க்கும்போது கணிசமான கூடுதல் சுமை என்று முதலாளி காட்ட வேண்டும். சக ஊழியர்களுக்கு அந்தச் சமயத்தைப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் சுமைக் கணக்கில் சேராது. கனடா 1985லேயே ஒரு கடை ஊழியரின் சனிக்கிழமை வழிபாட்டுக்காக இடமளிக்கும் கடமையை ஏற்றுவிட்டது.

இதற்கு ‘தாங்கொணாச் சுமை’ என்று ஒருவர் சொன்னார். அது மிக உயரத்தில் வைத்துவிடுகிறது. நிறுவனம் நொடித்துப்போனால்தான் மறுக்கலாம் என்பது போல ஆகும். ‘சிரமம்’ என்றால் ஹார்டிசன் பக்கம் சாய்ந்துவிடும். ‘மிகைச்சுமை’ நடுவில் நிற்கிறது, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையோடும் ஒத்துப்போகிறது.

நமக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், கர்நாடக ஹிஜாப் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத பழக்கம் அல்ல என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். இன்றியமையாததா இல்லையா என்ற அளவுகோல் 1954ஆம் ஆண்டு ஷிரூர் மடம் வழக்கிலிருந்து வருவது. ஆனால் பெங்களூரு நீதிமன்றத்தில் மாணவிகளின் வழக்கறிஞர் டர்பன் மூக்குத்தித் தீர்ப்பையும் எடுத்து வைத்தார். உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். தமிழில் பேசிய நாம் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டோம். சமயம் கட்டாயப்படுத்துகிறதா என்று கேட்டோம். பள்ளியால் இடமளிக்க முடியுமா, அளித்தால் என்ன சுமை என்று கேட்க நம்மிடம் சொல் தயாராக இல்லை.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

நியாயமான இடமளிப்பு: ஒருவரின் சமயம், பண்பாடு, உடல்நிலை முதலியவற்றால், பொதுவிதி அவருக்கு மட்டும் தடையாகும்போது, அரசோ பள்ளியோ பணியிடமோ மிகைச்சுமை ஏற்படாத அளவில் தன் விதியையோ நடைமுறையையோ மாற்றிக்கொள்ளும் சட்டக் கடமை.

‘உடல்நிலை’ சரிதானா என்று அக்கா பார்த்துச் சொல்ல வேண்டும். ‘மாற்றுத்திறன்’ என்றே போட்டுவிடலாமா? ‘மிகைச்சுமை’யைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேறு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், தனிமடலில் வேண்டாம்.