புதுப்பிப்பு: காரின் சாம்பல் நிற உட்பாகங்கள் கறுப்பாகிவிட்டன

வெயிலில் வெளிறிப்போன என் காரின் உட்பாகங்களுக்கு மீண்டும் நிறமேற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடச் சொன்னவர்களும் சாயமே போதும் என்றவர்களும் இருந்தீர்கள். கறுப்புச் சாயம்தான் பூசினேன். மிகுந்த திருப்தி!

வேலையின் பெரும்பங்கு கழுவுவதுதான். பளபளப்புக்காகப் பூசப்படும் சிலிக்கோன் துளி எஞ்சினாலும் அந்த இடத்தில் சாயம் வட்டம் வட்டமாக விலகிவிடும். முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான தூரிகையும். பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைப்பு.

பாகத்தின் பின்புறத்தை அவசியம் பாருங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் வகை பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால் சாயம் நன்றாகப் பிடிக்கும். பொலிப்புரோப்பிலீன் என்றால் சாயம் ஒட்டிக்கொள்வதற்காக முதலில் பூசும் ஒட்டுப்பூச்சு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். நகம் பட்டாலே உரியும். கைதாங்கி போன்ற வினைல் பகுதிகளுக்கு வளைந்துகொடுக்கும் வினைல் சாயமே சரி. சாதாரண ஸ்பிரே பெயின்ட் பூசினால் நாளடைவில் வெடிப்பு விட்டுவிடும்.

மழை நாளைத் தவிருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் பூச்சின் மேல் வெண்மை படரக்கூடும். மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் அடுத்ததைப் பூசுங்கள். தடித்துப்போனால் பாகத்தின் மேலுள்ள தோல் போன்ற நுண்வரிகள் நிரம்பி மறைந்துவிடும். உட்புறத்தின் அழகே அவைதான்.

ஸ்டியரிங்கின் எயார்பேக் மூடியைப் பற்றிக் கேட்ட அண்ணாவுக்கு: அதை நான் தொடவில்லை. விபத்தின்போது அது குறித்த கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். அந்த இடத்தில் எந்தப் பூச்சும் வேண்டாம்.

கதவுப் பலகைகள் முடிந்தன. கியர் பகுதியை அடுத்த வெயிலில் கழற்றுகிறேன்.